வீட்டுப் பெட்டகமும் வாயிற் காவலும்

வீடு என்று ஒன்று இருந்தால் அதற்கு வாயில் ஒன்று இருக்கும். வாயில் இருந்தால் அதனைத் திறப்பவர் யார், மூடுபவர் யார் என்ற கேள்வியும் உடன் எழும். கல்லாலும் மண்ணாலும் கட்டிய வீட்டில் இக்கேள்விக்கு விடை எளிது. சாவிக் கொத்து இல்லத்தலைவியின் இடுப்பில் இருக்கிறது; அவரைக் கேளாமல் கதவு திறவாது. ஆனால் இக்காலத்து வீடுகளில் கண்ணுக்குப் புலப்படாத வாயில்களும் உண்டு. அவை இணையத்தை நோக்கி அமைந்தவை. வீட்டார் அறியாமலே வீட்டிலுள்ள பொருள்கள் அவற்றைத் தாமே திறந்து கொள்ளக் கூடும் என்பதைப் பலர் அறியார். அதனைக் குறித்தே இன்று சிறிது சிந்திக்கப் புகுகின்றோம்.

இலங்கையில் தேயிலை விளையும் ஏழு பிரதேசங்களுள் ஒன்று உடப்புசல்லாவை. நுவரெலியாவுக்கும் ஊவாவுக்கும் இடைப்பட்ட அம்மலைச் சாரலில் வாழும் ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்வோம். தந்தை தோட்டத்தில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். தாய் ஆசிரியை. மகன் கொழும்பில் வேலை செய்கிறான். மகள் கணவனுடன் கட்டார் நாட்டில் இருக்கிறாள். கைத்தொலைபேசிகள் படங்களால் நிறைந்து வழிய, மகன் ஒரு சிறு பெட்டியை வாங்கி வந்து வீட்டில் வைக்கிறான். ஒன்றோ இரண்டோ வன்தட்டுகளைத் தன்னுட் கொண்டு, ரவுட்டருடன் கம்பியால் இணைந்து, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுப் பெட்டகமாக விளங்கும் இக்கருவியை 'நாஸ்' என்று சுருக்கமாகக் கூறுவர். அதனுள்ளே கல்யாணப் படங்கள், பேரக் குழந்தையின் முதல் நடை, தாத்தாவின் குரற் பதிவு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பழைய பிரஜாவுரிமைப் பத்திரத்தின் பிரதி ஆகிய யாவும் சென்று சேர்கின்றன.

மலையகத் தமிழருக்குப் பத்திரங்களின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் அவர் தந்தையும் இங்குப் பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கும்படி கேட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வசித்ததற்குச் சான்று கேட்டது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பின்னர் எத்தனையோ குடும்பங்கள் இரு நாடுகளாகப் பிரிந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும் வரையில் இக்கதை முற்றாக முடியவில்லை. ஒரு துண்டுக் கடதாசி ஒரு குடும்பத்தின் விதியைத் தீர்மானித்த வரலாறு இது. ஆதலின் அப்பெட்டியிலே இருப்பது வெறும் படம் என்று எவரும் எண்ணற்க.

இனி, கட்டாரில் இருக்கும் மகள் அப்பெட்டியிலுள்ள படங்களைப் பார்க்க விரும்புகிறாள். நியாயமான ஆசைதான். பெட்டியின் செயலியில், ரவுட்டரைத் தானாகவே சீர்செய்யும் வசதி ஒன்று இருக்கிறது. மகன் அதனை அழுத்துகிறான். சில வேளை அது பலிக்கிறது. பல வேளை ரவுட்டர் ஏற்கவில்லை என்ற செய்தியே வருகிறது. இன்று பலித்தது அடுத்த வாரம் பலியாமற் போவதும் உண்டு. "இந்த ரவுட்டர் சரியில்லை" என்று அவன் சலித்துக் கொள்கிறான். உண்மையில் ரவுட்டர் சரியில்லையா? அல்லது அது தன் கடமையைச் செய்கிறதா? இதுவே நாம் ஆராய வேண்டிய பொருள்.

ஒரு முகவரி, பல வீடுகள்

இதனை விளங்கிக் கொள்ளத் தோட்டத்துத் தபாலைக் காட்டிலும் சிறந்த உவமை வேறில்லை. லயன் காம்பிராக்களுக்குத் தனித்தனி முகவரி நெடுங்காலம் இருந்ததில்லை. இன்றும் அது கிடைக்காத வீடுகள் உண்டு. கடிதம் எவருக்கு வந்தாலும் தோட்டத்தின் பெயருக்கே வரும். தபாற் பை காரியாலயத்திற் பிரிக்கப்பட்டு, அங்கிருந்து ஆள்மூலம் லயன்களுக்குச் செல்லும். வெளியுலகிற்குத் தெரிந்தது தோட்டம் ஒன்றே. எந்த லயத்தின் எந்த அறையில் யார் இருக்கிறார் என்பது காரியாலயத்திற்கு மட்டுமே தெரியும்.

வீட்டு இணையமும் இவ்வாறே அமைந்துள்ளது. இணைய முகவரிகளின் பழைய முறையில் மொத்தம் 429 கோடியே 50 இலட்சம் வரையான முகவரிகளே உண்டு. உலகிலுள்ள கருவிகளுக்கு இவை போதா என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. 1994ஆம் ஆண்டு மே மாதத்தில், பல கருவிகள் ஒரே முகவரியின் பின்னால் மறைந்து இயங்கும் முறையொன்று வெளியிடப்பட்டது. 'நாட்' எனப்படும் முறை அதுவே. ஆயினும் முகவரிப் பஞ்சம் நீங்கவில்லை. உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த முகவரித் தொகுதிகள் 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் தேதியுடன் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன.

ஆக, வீட்டிலுள்ள ரவுட்டரே தோட்டக் காரியாலயம். அதற்கு வெளியே ஒரு முகவரி. உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அறை எண். உள்ளிருப்பவர் வெளியே கடிதம் எழுதினால், ரவுட்டர் தன் பேரேட்டில் அதனைக் குறித்து வைக்கும். பதில் வந்ததும் எழுதியவரிடம் கொண்டு போய்க் கொடுக்கும். ஆனால் முன்பின் அறியாத ஒருவர் வெளியிலிருந்து முதற் கடிதம் எழுதினால் அது எவருக்குரியது என்ற குறிப்புப் பேரேட்டில் இராது. ரவுட்டர் அதனைக் கைவிட்டுவிடும். கட்டாரிலிருந்து மகள் கதவைத் தட்டும்போது நிகழ்வது இதுதான்.

இதற்குப் பரிகாரமாக, ஒரு முகவரிக்கு 65,535 வரை எண்ணிடப்பட்ட வாயில்கள் உள்ளன. ஆங்கிலத்தில் இவற்றைப் 'போர்ட்' என்பர். "5001ஆம் வாயிலுக்கு வருவதையெல்லாம் நாஸ் பெட்டிக்கு அனுப்புக" என்று பேரேட்டில் நிலையாக ஒரு வரி எழுதிவிட்டால், வெளியிலிருந்து வருபவர் நேரே பெட்டியைச் சேர்வர். இதனையே 'போர்ட் போர்வேர்டிங்' என்று அழைக்கின்றனர்.

தானே திறக்கும் கதவு

அந்த வரியை வீட்டார் தம் கையால் எழுதுவது ஒரு வழி. ஆனால் எல்லா வீட்டாரும் இந்நுட்பம் அறிந்தவர் அல்லர். அவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று கருதி, கருவிகளே ரவுட்டரிடம் கேட்டு அவ்வரியை எழுதிக்கொள்ளும் ஒழுங்கொன்று உருவாயிற்று. 'யூ.பி.என்.பி.' என்பது அதன் பெயர். அதற்கான நிறுவனங்களின் கூட்டமைப்பு 1999இல் தோன்றியது. ரவுட்டர்களுக்குரிய முதல் விதிமுறை 2001இல் வெளிவந்தது.

அதன் வேலை மிக எளியது. நாஸ் பெட்டி வீட்டினுள்ளே, "இங்கே வாயிற்காவலர் யார்?" என்று ஒரு பொதுக் குரல் கொடுக்கும். ரவுட்டர், "நான்" என்று மறுமொழி தரும். "எனக்கு இன்ன வாயிலைத் திறந்து விடுக" என்று பெட்டி கேட்கும். ரவுட்டர் திறந்து விடும். கேட்பவர் யார்? வீட்டுத் தலைவரின் சம்மதம் உண்டா? கடவுச்சொல் எங்கே? இவற்றுள் ஒன்றையும் அது பொதுவாகக் கேட்பதில்லை. வீட்டினுள் இருப்பவர் யாவரும் நல்லவரே என்பது இவ்வொழுங்கின் அடிப்படை நம்பிக்கை.

அந்த நம்பிக்கையிலேதான் அபாயம் பதுங்கியிருக்கிறது. நாஸ் பெட்டி கேட்பது போலவே, மலிவு விலையில் வாங்கிய கண்காணிப்புக் கமராவும் கேட்கலாம். பிள்ளை எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டினுள் ஒளிந்திருக்கும் தீய மென்பொருளும் கேட்கலாம். கதவு எல்லோருக்கும் ஒரே விதமாகவே திறக்கும்.

ரவுட்டர் இடும் வரம்புகள்

இவ்வபாயத்தை உணர்ந்த பின்னரே வரம்புகள் வகுக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டில் வெளியான இரண்டாம் விதிமுறையும், அதனைத் தழுவிய ரவுட்டர்களும் இடும் வரம்புகளுள் முக்கியமானவை இவை.

ஒன்று: அடையாளம் காட்டாத கருவி தனக்காக மட்டுமே கேட்கலாம். கமரா வந்து, நாஸ் பெட்டிக்குக் கதவு திறக்கச் சொல்லக் கூடாது.

இரண்டு: 1024க்குக் குறைந்த எண்ணுடைய வாயில்களை அத்தகைய கருவிக்குத் திறத்தலாகாது. இணையத்தளங்களுக்குரிய 80, 443 ஆகியவையும், கோப்புகளைப் பகிர்தற்குரிய 445உம் இவ்வெல்லைக்குள் அடங்கும். நாஸ் பெட்டி 443ஐக் கேட்டு மறுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூன்று: திறந்த வாயில் என்றென்றும் திறந்திராது. ஒரு முறை தரும் அனுமதிக்கு 6,04,800 வினாடிகள், அதாவது 7 நாட்கள், உச்ச வரம்பு. பெட்டி மறுபடியும் கேளாவிடின் வாயில் மூடிவிடும். சென்ற வாரம் வேலை செய்தது இவ்வாரம் செய்யாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இவையன்றி, பேரேட்டின் பக்கங்களுக்கும் அளவுண்டு. சிறிய ரவுட்டர்கள் சில குறிப்பிட்ட தொகைக்கு மேல் வரிகளை ஏற்பதில்லை. ஒரு வாயிலை ஒரு கருவி பெற்றுவிட்டால், அதே வாயிலை மற்றொன்று பெறுவதற்கில்லை. இவ்வசதியை முற்றாக நிறுத்தியே வரும் ரவுட்டர்களும் உண்டு.

இவற்றைப் பார்க்கும்போது மகனுடைய சலிப்பு நீங்கிவிடும் என்று நம்புகின்றோம். ரவுட்டர் மறுப்பது பிடிவாதத்தாலன்று. வீட்டுத் தலைவரைக் கேளாமல் வாயில் திறக்கத் தயங்கும் நல்ல காவலாளியின் இயல்பே அதுவாகும்.

திறந்த கதவால் விளைந்த கேடு

இது வெறும் அச்சமன்று. 2013ஆம் ஆண்டு சனவரியில் 'ரப்பிட் 7' என்னும் பாதுகாப்பு நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. வீட்டினுள் மட்டும் கேட்க வேண்டிய அந்தக் காவலாளிக் குரலுக்கு, வெளி இணையத்திலிருந்து அழைத்தபோதும் 8 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் மறுமொழி தந்தன என்று அவ்வாய்வு காட்டியது.

2021ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. வெஸ்டேர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' என்னும் வீட்டுப் பெட்டிகளை உலகெங்கும் வைத்திருந்தோர் பலர், ஒரு நாள் காலையில் அவற்றைத் திறந்து பார்க்க உள்ளே ஒன்றுமே இல்லை. பல்லாண்டுப் படங்களும் பத்திரங்களும் தொலைவிலிருந்தவாறே அழிக்கப்பட்டிருந்தன. அப்பெட்டிகளுக்கு 2015க்குப் பின் மென்பொருட் திருத்தம் எதுவும் வந்திருக்கவில்லை. அவை இணையத்திலிருந்து நேரே எட்டக் கூடியனவாக இருந்தன என்றும், கையால் திறந்த வாயிலாலோ யூ.பி.என்.பி. தானே திறந்த வாயிலாலோ அந்நிலை ஏற்பட்டிருக்கலாம் என்றும் அந்நிறுவனமே அறிவித்தது. பழைய பூட்டும் திறந்த வாயிலும் சேர்ந்தால் வீடு என்னாகும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, 2022 சனவரியில், 'டெட்போல்ட்' என்னும் கூட்டத்தார் 'கியூநாப்' நிறுவனத்தின் பெட்டிகளுட் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்கொயின் கப்பம் கேட்டனர். அந்நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு உடனே கூறிய அறிவுரை யாதெனில், ரவுட்டரில் வாயில் திறக்கும் ஒழுங்கையும் பெட்டியிலுள்ள யூ.பி.என்.பி.யையும் நிறுத்துக என்பதே. பெட்டியைச் செய்தவர்களே கதவை மூடச் சொல்லும்போது நாம் திறந்து வைப்பது எங்ஙனம் பொருந்தும்?

மலையகத்திற்கு இன்னொரு தடை

காவலால் வரும் வரம்பு வேறு. பஞ்சத்தால் வரும் வரம்பு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது. மலைத் தோட்டங்களிற் பல வீடுகளுக்கு இணையம் கம்பிவழி வருவதில்லை. தொலைபேசிக் கோபுரத்திலிருந்து காற்றின் வழியே வருகிறது. முகவரிப் பஞ்சத்தால், இத்தகைய சேவைகளிற் பல வீடுகளைச் சேர்த்து ஒரே முகவரியின் பின்னால் வைப்பது வழக்கமாகிவிட்டது. வீட்டு ரவுட்டருக்கு மேலே நிறுவனத்தின் பெரிய ரவுட்டர் ஒன்றும் நிற்கிறது.

இங்கே பழைய புகையிரதப் பாதையொன்றை நினைவூட்டலாம். உடப்புசல்லாவையின் பெயரைத் தாங்கிய சிறு பாதை 1904இல் இராகலை வரை சென்றது, 1948உடன் மறைந்தது. கொழும்பிலிருந்து ஐந்தரை அடி அகலப் பாதையில் வந்த பொருள் நானுஓயாவில் இறக்கப்பட்டு, இரண்டரை அடிப் பாதையின் சிறு வண்டியில் ஏற்றப்படும்; இராகலையில் மீண்டும் இறக்கப்பட்டுத் தோட்டத்திற்குச் செல்லும். இராகலை நிலைய அதிபரிடம் எவ்வளவு வேண்டிக்கொண்டாலும், நானுஓயாவில் இறக்கி ஏற்ற ஆளில்லையேல் பொருள் வந்து சேராது. அது போலவே, நம் வீட்டு ரவுட்டர் மனமுவந்து வாயில் திறந்தாலும், மேலேயுள்ள ரவுட்டர் திறவாதவரை மகளின் தட்டல் நம்மை எட்டாது.

தம் வீடு இந்நிலையில் உள்ளதா என்று மாணவர்கள் தாமே சோதித்தறியலாம். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளிப்புறத்திற்கு உரியதாகக் காட்டும் முகவரியைப் பார்க்க. அது 10 அல்லது 192.168 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரையிலோ, 100.64 முதல் 100.127 வரையிலோ இருந்தாலும் அது பொது முகவரியன்று. இறுதியாகக் கூறிய தொகுதி 2012இல் இத்தேவைக்கென்றே ஒதுக்கப்பட்டது. இந்நிலையில் வீட்டு ரவுட்டரோடு போராடுவது வீண் வேலை.

செய்யத்தக்கது யாது?

அப்படியாயின் மகள் படங்களைப் பார்ப்பது எவ்வாறு? வழி உண்டு, அதுவும் இரு தடைகளுக்கும் பொருந்தும் வழி. உள்ளிருந்து எழுதிய கடிதத்திற்குப் பதில் தடையின்றி வரும் என்று மேலே கண்டோம். ஆகவே வெளியாரை உள்ளே அழைப்பதை விடுத்து, பெட்டியே முதலில் வெளியே சென்று தொடர்பு கொள்ளும்படி செய்தல் வேண்டும். பெட்டி செய்யும் நிறுவனங்கள் சில இதற்கென நடுநிலையம் வைத்திருக்கின்றன. 'டெயில்ஸ்கேல்' போன்ற தனிவழிச் சேவைகள், குடும்பத்தாரின் கருவிகளை மட்டும் ஒன்றோடொன்று மறைவாக இணைத்து வைக்கின்றன. இங்கே எந்த வாயிலும் உலகிற்குத் திறந்திருப்பதில்லை. நடுநிலையத்தின் வழியே செல்லும்போது வேகம் குறையும். அந்நிறுவனத்தை ஓரளவு நம்பவும் வேண்டியிருக்கும். ஆயினும் திறந்த கதவைக் காட்டிலும் இது நன்று.

ரவுட்டரிலும் பெட்டியிலும் யூ.பி.என்.பி.யை நிறுத்துக. ஏற்கெனவே திறந்துள்ள வாயில்களின் பட்டியலைப் பார்த்து, தெரியாதவற்றை நீக்குக. ஒரு வாயிலைத் திறந்தே தீர வேண்டுமாயின், தனிவழிச் சேவைக்கென ஒன்றை மட்டும் கையால் திறந்து, ஏன் திறந்தோம் என்று குறித்து வைக்க. பெட்டியின் மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பிக்க. கடவுச்சொல்லுடன் இரண்டாவது சோதனையையும் சேர்க்க.

யாவற்றுக்கும் மேலாக, இன்னொரு பிரதியை வேறிடத்தில் வைக்க. கள்வன் மட்டுமே பகைவன் அல்லன். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தின் மண்சரிவுகள் வீடுகளையே கொண்டு சென்றன. வீட்டோடு பெட்டியும் போனால், கொழும்பிலுள்ள மகனிடம் ஒரு வன்தட்டு இருத்தல் வேண்டும். அதனை ஆண்டுக்குச் சில முறை வீட்டிற்குக் கொண்டுவந்து புதுப்பித்துச் சென்றால் போதும்.

வருங்காலத்தில் முகவரிப் பஞ்சம் நீங்கக் கூடும். 'ஐ.பி.வி. 6' என்னும் புதிய முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுத்தாலும் முகவரிகள் தீரா. லயன் காம்பிராக்கள் ஒவ்வொன்றும் தனி முகவரி பெறுவது எத்துணை நியாயமோ, அத்துணை நியாயம் இதுவும். ஆனால் தனி முகவரி பெற்ற வீட்டாரும் இரவில் கதவைத் தாழிடத்தான் செய்வர். முகவரி என்பது பிறர் நம்மைத் தேடி வருவதற்கு; தாழ் என்பது வருபவருள் யாரை உள்ளே விடுவது என்று நாம் தீர்மானிப்பதற்கு. கடிதங்களுக்காகப் பிறர் காரியாலயத்தில் காத்து நின்ற காலத்தில் அத்தீர்மானம் நம் கையில் இருக்கவில்லை. இன்று வீட்டு மூலையில் விளக்கு மினுங்க நிற்கும் இக்காவலாளி நம்முடையவன். அவனுடைய பேரேடும் நம்முடையது. இவ்வாரமே அதனைத் திறந்து, அதில் எழுதியிருப்பது யாது என்று குடும்பத்தோடு ஒரு முறை வாசித்துப் பார்ப்போமாக.